சட்டையை மனுப் பார்க்க வந்தவர்கள்

அந்த வருஷம் எங்கள் சிறையில் தண்டனையை அனுபவித்தவை உடுப்புகள்தான். ஆட்கள் வெளியே முற்றத்தில் இருந்தார்கள்.

ஆட்கள் என்றால் அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் தேசத்தில் சிறைகளெல்லாம் நிரம்பிவிட்டதால், மிச்சப்பட்ட அரசியல் கைதிகளைக் கப்பலேற்றித் தூத்துக்குடியில் இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் எங்கள் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு டஜன் பேர் இருப்பார்கள். நான் அப்போது ஜெயிலர். பெயர் குற்றாலிங்கம். எனக்கு மேலே சூப்பிரண்டு விட்கம் துரை. சிறையை நடத்துவது துரைதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். துரைக்குக் கையெழுத்து அழகாக வரும், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வந்த அன்றே தகராறு. அவர்களுடைய சொந்தத் துணிகளை வாங்கிவைத்துக்கொண்டு, கோடு போட்ட சட்டை, அரைக்கால்சட்டை, குல்லா எல்லாவற்றையும் ஆளுக்கோர் அடுக்காக எதிரே வைத்தோம். ஒருவரும் தொடவில்லை. படுக்கக் கொடுத்த கம்பளியை எடுத்து உடம்பில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அது சித்திரை மாதம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கம்பளியைப் பார்த்தாலே நாய்கூட எழுந்து போய்விடும். வேர்வை ஒழுக ஒழுக நின்றார்கள்.

“இந்தச் சட்டையைப் போட்டால் நாங்கள் திருடர்கள் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்” என்றார் அவர்களுடைய தளபதி. “நாங்கள் தேசத்துக்காகச் சண்டை போட்டுப் பிடிபட்டவர்கள். அரசியல் கைதிகள். அதை ஒப்புக்கொண்டு, எங்கள் துணியோடு எங்களைப் பூட்டுங்கள்.”

இதை அவர் இங்கிலீஷில் சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி இங்கிலீஷ் அதுதான். அவர்கள் ஊர்ச் சிறைகளில் கைதிகள் தங்கள் பழைய பாஷையைக் கற்றுக்கொண்டு அதிலேயே பேசுவார்களாம். அதிகாரிகளின் பாஷை வாயில் வரக் கூடாது என்பது வைராக்கியம். இந்த டஜனில் அந்த பாஷை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் கையில் கிடைத்த பாஷையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வார்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனி பிறப்பதற்குள் எல்லோரும் திருநெல்வேலித் தமிழில் வெளுத்து வாங்கினார்கள். வார்டர்களிடம் படித்ததால் வசவு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். துரைக்கு ஒரு சொல் புரியாது. நான்தான் நடுவில் நின்று, வசவைக் கழித்துவிட்டு, அவருக்குச் சொல்வேன்.

தளபதியின் பெயர் டெக்லன். ஊரில் குதிரைக்கு லாடம் அடித்தவர். அவர்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதிகாரிகளிடம் தளபதி ஒருவர்தான் பேசுவார். நான் ஒருவனைப் பார்த்து “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் அவன் டெக்லனைப் பார்ப்பான். டெக்லன் “சாப்பிட்டான்” என்பார். ஒருவனுக்குப் பல்வலி வந்தபோதுகூட, எந்தப் பல் என்று டெக்லன்தான் தன் வாயைத் திறந்து காட்டினார். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிறை நடத்துகிறவனுக்கு இதைவிட வசதி வேறு கிடையாது.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். துரை விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சிறை உடுப்பில் இருப்பதே கைதி என்று போட்டிருக்கிறது. இவர்கள் உடுப்பில் இல்லை. அப்படியானால் என் கைதிகள் எங்கே?” என்று கேட்டார். பாவம், முகம் வெளுத்துவிட்டது. நான், “உடுப்புக்குள் ஆள் இருக்க வேண்டும் என்று எங்கேயும் போடவில்லையே, துரை” என்றேன். அன்று சாயங்காலமே கொட்டடிக்கு ஒன்றாக உடுப்புகளை உள்ளே உட்காரவைத்துப் பூட்டினோம். எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருந்தது. துரை நிம்மதியாகத் தூங்கப் போனார்.

ஆட்கள் கைதிகள் இல்லை என்றாகிவிட்டதால் அவர்களைப் பூட்ட முடியாது. முற்றத்து வேப்பமரத்தடியில் கம்பளியோடு இருந்தார்கள். பகலில் பெரிய கதவிலுள்ள சின்னத் திட்டிவாசல் திறந்துதான் இருக்கும். யாரும் போகவில்லை. “துரை போட்ட பிச்சையா நாங்க வெளிய போக மாட்டோம் ஐயா” என்றார் டெக்லன். “முதல்ல மரியாதையா உள்ள வைங்க. அப்புறம் மரியாதையா விடுங்க.” இது நியாயமாகவே எனக்குப் பட்டது.

சும்மா சொல்லக் கூடாது, சட்டைகள் ஒழுங்காக நடந்துகொண்டன. வேளாவேளைக்குக் களி வைத்தோம். அவை தொடுவதில்லை. அவை மீதம் வைத்ததை ஆட்கள் சாப்பிட்டார்கள். சனிக்கிழமை குளியல், அதாவது வெளுப்பு. முழங்கை கிழிந்த சட்டையைத் தையற்காரரிடம் அனுப்பி, தேறியதும் திரும்பக் கொண்டுவந்து பூட்டினோம். ஆடிக் காற்றில் ஒரு சட்டை சுவரேறித் தப்பித்தது. பக்கத்துத் தெருவில் சலவைக்காரர் கொடியில், மற்ற துணிகளுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு தொங்கியதைப் பிடித்துவந்தோம். துரை அதற்குத் தண்டனையைக் கூட்டினார். அது எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில்தான் பீடர் சமாச்சாரம் வந்தது. பீடர் அந்தக் கூட்டத்தில் வயதில் இளையவன், படகு கட்டுகிறவன். அவன் பிடிபட்டபோது மனைவி பிரிஜித் முழுகாமல் இருந்தாள். மகள் பிறந்தது அவன் உள்ளே போன பிறகு. பெயர் ரோஷீன் என்று மட்டும் தெரியும். முகம் தெரியாது. இப்போது பிரிஜித் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து பீடருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்னைப் பார்த்தால் நிற்பான், வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். கடைசியில் டெக்லன்தான் வந்தார்.

“பீடருக்கு அவன் மகளைக் கையில வாங்கணும் ஐயா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

எங்கள் சிறையில் கைதியைப் பார்க்க வருவதை மனுப் பார்ப்பது என்போம். ஞாயிற்றுக்கிழமைதான் மனு. வருகிறவர்கள் கைதியை மட்டும்தான் பார்க்கலாம். கைதி சட்டை. துரையிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அதற்கென்ன, சட்டையைப் போட்டுக்கொண்டு வரட்டும். மகளை மடியில் வைத்துக் கொஞ்சட்டும்” என்றார். ஒருவர் போட்டால் எல்லோரும் போட்டுவிடுவது என்று அவர்கள் தங்களுக்குள் சத்தியம் செய்திருந்தது துரைக்குத் தெரியும். பீடர் ஒருவன் கையை நுழைத்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துபோகும். டெக்லனிடம் வந்து சொன்னேன். “அவன் போட மாட்டான்” என்றார் டெக்லன். பீடர் பக்கத்தில்தான் நின்றான். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் மகள்கள் உண்டு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரிஜித் வந்து இறங்கினாள். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, இடுப்பில் பிள்ளையோடு நேராக என் அறைக்குள் வந்துவிட்டாள். கப்பலில் வேலைசெய்த தூத்துக்குடி ஆட்களிடம் வழியெல்லாம் தமிழ் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரைச் சட்டையாக்கி வச்சிருக்கியளாம்லா?”

“சட்டை சௌக்கியமாக இருக்கிறது, அம்மா” என்றேன்.

“கடல் தாண்டி வந்தாச்சு. அதையாவது காட்டுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மனு அறையில், கம்பிக்கு அந்தப் பக்கம் பீடரின் சட்டையை நாற்காலியில் உட்காரவைத்தோம். இந்தப் பக்கம் தாயும் பிள்ளையும். பிரிஜித் கொஞ்ச நேரம் சட்டையை முறைத்துப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, பிள்ளையிடம் “அந்தா பாரு, அப்பா” என்றாள். பிள்ளை கம்பிக்குள் கையை விட்டுச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். மனு அறைக்கு இந்தச் சுவர், முற்றத்துக்கு அந்தச் சுவர், இரண்டும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பீடர் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான் என்று வார்டர் வந்து சொன்னான். மகள் சிரித்ததைக் கேட்டிருக்கிறான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை பிரிஜித்துக்குக் கப்பல். டிக்கெட் எடுத்தாயிற்று. இதை இப்படியே விட்டால் அந்தப் பிள்ளை காலம் பூராவும் ஒரு கோடு போட்ட சட்டையை அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி நடக்க நான் விடுவேனா? சிறை நடத்துவது ஒரு கலை, அது எனக்குக் கைவந்தது. இதில் நான் அடக்கம் பாராட்டுவதில்லை.

டெக்லனைக் கூப்பிட்டேன். “மனுப் பார்க்க யார் வரலாம்?” என்று கேட்டேன்.

“கைதியா இல்லாத யாரும் வரலாம்.”

“பீடர் கைதியா?”

டெக்லன் தாடியைச் சொறிந்துகொண்டார். “மனுப் பார்க்க வாரது உரிமையா, தயவா?” என்று கேட்டார்.

“உரிமை.”

“அப்போ சரி” என்றார்.

மறு ஞாயிறு பீடர் கம்பளியை இழுத்துக் கட்டிக்கொண்டு திட்டிவாசல் வழியாக வெளியே போய், மனுப் பார்க்க வந்தவர்கள் வரிசையில் மனைவிக்குப் பின்னால் நின்றான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட வார்டரிடம், டெக்லன் உள்ளே இருந்ததால், பிரிஜித் பதில் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரரை. இவரும் அவரைத்தான் பார்க்க வந்திருக்காவ.” இரண்டு பேரும் உள்ளே வந்து சட்டைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பிரிஜித் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.

பிள்ளை அவனை ஏறிட்டுப் பார்த்தது. வீரிட்டு அழுதது. கம்பிப் பக்கம் திரும்பி, சட்டையிடம் போக இரண்டு கையையும் நீட்டியது. பீடர் விடவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். “கொஞ்சம் பழகட்டும்” என்றாள் பிரிஜித். அழுது அழுது ஓய்ந்து, கடைசியில் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. பீடர் அசையாமல் உட்கார்ந்திருந்தான், கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. சட்டை மட்டும் நேராக உட்கார்ந்திருந்தது.

மணி அடித்தது. மணி அடித்தால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெளியே போக வேண்டும். பீடரும் போனான். வாசலில் பிள்ளையை முத்தமிட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டு, திரும்பத் திட்டிவாசலுக்கு வந்தான். காவலுக்கு நின்ற வார்டர், “எந்தக் கோர்ட்டு, என்ன தண்டனை?” என்று கேட்டான். பீடரின் தண்டனை கொட்டடிக்குள் சட்டையோடு இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. தண்டனை இல்லாதவனை உள்ளே விட முடியாது. வார்டர் கதவைச் சாத்தினான். வெளியே போகும் வழியைப் பற்றித்தான் என்னிடம் கேட்டார்களே தவிர, உள்ளே வரும் வழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“விட்டுத் தொலைங்க. ஊருக்குப் போவோம். வியாழக்கிழமை கப்பல்” என்றாள் பிரிஜித்.

“எல்லாரும் உள்ள கிடக்கானுவ. நான் மட்டும் எப்படி வருவேன்?”

“அப்போ இந்தப் பிள்ளை?”

பீடர் சுவருக்கு எதிரே, தெருவில் உட்கார்ந்துவிட்டான். பிரிஜித் அவனைத் திட்டத் தெரிந்த மட்டும் திட்டினாள். தமிழில் தீர்ந்ததும் இங்கிலீஷில் திட்டினாள். பிறகு பிள்ளையோடு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உள்ளே டெக்லனும் ஆட்களும், பீடர் வரும்வரை சட்டைகள் மீதம் வைக்கும் களியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். துரையிடம் ஓடினேன். “தண்டனை இல்லாதவனை உள்ளே எடுத்தால் அது அக்கிரமம். என்னால் முடியாது” என்றார் துரை. சட்டப்படி அவர் சொன்னது சரி.

ஆளைத்தான் உள்ளே எடுக்கக் கூடாது. சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பது மராமத்து. மராமத்து என் பொறுப்பு. திங்கட்கிழமை கொத்தனார்களைக் கூட்டிவந்து, சுவரைப் பெயர்த்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். பீடர் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. சாயங்காலம் பார்த்தால் உள்ளே இருந்தான். பக்கத்தில் மனைவியும் பிள்ளையும். தயவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று டெக்லன் ஒப்புக்கொண்டார். அன்று எல்லோரும் களி சாப்பிட்டார்கள். பிள்ளை கம்பளிக்குக் கம்பளி கைமாறியது. “இவளும் நம்ம கூட்டம்தான்” என்று டெக்லன் சொன்னார்.

சிறைக்குள் ஓர் ஆள் கூடினால் உடுப்பும் ஒன்று கூடும். செவ்வாய்க்கிழமை காலை கொட்டடியைத் திறந்தால், பீடரின் சட்டை மடியில் உள்ளங்கை அளவில் ஒரு குட்டிச் சட்டை உட்கார்ந்திருந்தது. கோடு போட்டு, குல்லாவோடு. பிரிஜித்துக்கு உடுப்பு வரவில்லை. எங்கள் சிறையில் பெண்கள் பகுதி கிடையாது, கைக்குழந்தை தகப்பன் கணக்கில் சேர்த்தி. துரை அந்தக் குட்டிச் சட்டையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“இவளும் உங்கள் கூட்டம்தானே? இவள் போட்டால் எல்லோரும் போட்டதாக அர்த்தம்” என்றார். நான் தமிழில் சொன்னேன். சொல்லவே நாக்குக் கூசியது.

பெரிய ஆட்களுக்கு டெக்லன் உத்தரவு போடலாம். பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன உத்தரவு போடுவது? பீடர் பிரிஜித்தைப் பார்த்தான். அவளோ ராத்திரியெல்லாம் தெருமண்ணில் கிடந்து அலுத்துப்போயிருந்தாள். “போட்டுத்தான் விடுங்களேன். பிள்ளைக்கு மாத்துத் துணி இல்ல” என்றாள்.

துரை குனிந்து சட்டையைப் பிள்ளையின் தலைவழியாக மாட்டினார். தலை நுழைந்தது. ஒரு கை நுழைந்தது. இன்னொரு கையைப் பிடிக்கும்போது பிள்ளை முதுகை வில்லாக வளைத்தது. கத்தியது. காலை உதறியது. துரை பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு போனது. நுழைந்த கையையும் உருவிக்கொண்டு, சட்டையை இழுத்து, தலையிலிருந்து பிய்த்து, மண்ணில் எறிந்தது. குல்லாவையும் எறிந்தது. அம்மணமாகத் தவழ்ந்து போய்ப் பீடரின் கம்பளிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எங்களைப் பார்த்தது.

டெக்லன் எழுந்து விறைப்பாக நின்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். “எம் பொண்ணு” என்றான் பீடர். கட்டுப்பாட்டை மீறி என்னிடமே சொன்னான். யாரும் அவனைக் கண்டிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கூடிப் பேசி, ரோஷீனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். டெக்லன் தானாகவே விலகிக்கொண்டார். புதன்கிழமை காலை நானும் துரையும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பீடரின் மடிக்கு எதிரே உட்கார்ந்தோம். தளபதி துரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். “தூக்கச் சொல்லுதாவ” என்றார் டெக்லன். துரை தூக்கிக்கொண்டார். கீழே இறக்கினால் தளபதி அழுதார், அதனால் பேச்சுவார்த்தை மத்தியானம் வரை துரையின் தோளிலேயே நடந்தது. துரைக்குக் கை மரத்துப்போயிற்று. “இவருக்கு என்னதான் வேண்டுமாம்?” என்று கேட்டார்.

“முதல் நாள் சொன்னதுதான்” என்றார் டெக்லன்.

“சரி. அரசியல் கைதிகள்” என்றார் துரை, தூங்கிப்போன தளபதி விழித்துவிடாதபடி மெதுவாக.

அவரவர் துணி அவரவரிடம் வந்தது. எல்லோரும் உடுத்திக்கொண்டு, தலை நிமிர்ந்து, ஆளுக்கொரு கொட்டடிக்குள் போனார்கள். பீடர் மகளோடும் மனைவியோடும் போனான். நான் என் கையாலேயே மரியாதையாகப் பூட்டினேன். கொட்டடிகளில் இடம் இல்லாததால் சட்டைகளை அன்றே விடுதலை செய்தோம். சில சட்டைகள் ஊரிலேயே வேலை தேடிக்கொண்டன. பீடரின் சட்டை குட்டிச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய், வியாழக்கிழமை பிரிஜித்தின் டிக்கெட்டில் கப்பல் ஏறியது. குட்டிச் சட்டைக்கு டிக்கெட் கேட்கவில்லை. கப்பல் ஆட்கள் திரும்பி வந்தபோது சொன்னார்கள்: பீடரின் அம்மா வாசலுக்கு ஓடிவந்து இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, “ஏன் ஐயா இப்படி மெலிஞ்சு போயிட்ட?” என்று கேட்டு அழுதாளாம். பிறகு சாப்பிட உள்ளே கூட்டிக்கொண்டு போனாளாம்.